யாரிட்ட ஆதாரம் கேக்குறம்?

"ஆதாரம் எங்க?" எண்ட கேள்வி கொஞ்சக் காலமா என்னை விடுதில்ல. கேள்வியில ஒரு பிழையும் இல்ல. பொதுச் சுகாதாரத்தில அதவிட முக்கியமான கேள்வி கிடையாது, அதக் கேக்காம விட்டா எந்தப் பொய்யும் மருந்தா வித்துப் போகும். என்னை அரிக்கிறது வேற. அந்தக் கேள்வி சில பேரப் பாத்து மட்டும்தான் கேக்கப்படுது, இன்னும் சில பேரப் பாத்து ஒரு நாளும் கேக்கப்படுறதில்ல, அந்தப் பிரிப்ப யார் செய்றாங்க எண்டு யோசிக்க வெளிக்கிட்டா அது போதைப்பொருளோட நிக்காம எங்கெங்கயோ போய் முட்டுது.

போதைப்பொருளுக்கு எதிரா பொலிஸ் நாடு முழுக்க நடத்தின யுக்திய நடவடிக்கை சூடா நடந்துகொண்டிருந்த நேரம். கொழும்பில ஒரு ஹோட்டல் மண்டபத்தில போதைப்பொருள், சிகிச்சை, புனர்வாழ்வு பத்தி ஒரு கலந்துரையாடல். கொட்டாஞ்சேனைப் பக்கம் இருக்கிற எங்கட பெண்கள் குழுவில இருந்து என்னையும் இன்னொரு அக்காவையும் கூப்பிட்டிருந்தாங்க. டொக்டர்மார், அதிகாரிமார், என்ஜிஓ ஆக்கள், அதோட கடைசி வரிசையில முகத்துவாரத்தில இருந்து வந்த ஒரு அண்ணன். கன வருஷம் குடு, அதாவது ஹெரோயின், பாவிச்சவர், இப்ப பாவிக்கிற பொடியன்மாரோட திரிஞ்சு அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறது, வீட்டுக்காரரோட சமாதானம் பேசுறது எண்டு தன்னால ஏலுமானதச் செய்றவர். அவரிட்ட மைக் வந்து சேர மத்தியானம் ஆகிட்டுது. அவர் சொன்னது சின்ன விஷயம்தான். பொலிஸ் கூட்டமாச் சுத்தி வளைச்சுப் பிடிக்கிற ரவுண்டப் தொடங்கினதுக்குப் பிறகு பொடியன்மார் ஒருத்தரும் தன்னோட கிளினிக்குக்கு வாறாங்கள் இல்ல, மாசக்கணக்கா இருமி மெலிஞ்சுபோன ஒருத்தன் கூட பெயர் எழுதுவாங்க எண்டு பயந்து காசநோய் பாக்கிற நெஞ்சு கிளினிக் பக்கம் போகேல்ல, புனர்வாழ்வுக் கேம்புக்குப் போய் வந்தவங்களில சிலர் குடுவ விட்டுட்டு ஐஸுக்கும் (மெதாம்பெட்டமின்) குளிசைக்கும் மாறிட்டாங்க, "முந்தி எங்க இருக்காங்க எண்டு எனக்குத் தெரியும், இப்ப தெரியாது." இவ்வளவுதான் சொன்னார்.

தலைமை தாங்கினவர் மரியாதையாத்தான் பதில் சொன்னார். "நீங்க சொல்றது உங்கட அனுபவம். அத ஆதாரமா எடுக்க ஏலாது. உள்ளூர் ஆய்வு ஏதும் இருக்கா?" அண்ணன் இல்ல எண்டு தலையாட்டிட்டு இருந்தார். அடுத்ததா திரையில வந்தது அண்டைய நிலவரப்படி எத்தின பேர் கைது, எத்தின கிலோ, அதின்ட பெறுமதி எத்தின கோடி, எத்தின பேர் புனர்வாழ்வுக்கு. "நல்ல முன்னேற்றம்" எண்டார். மண்டபத்தில இருந்த அவ்வளவு படிச்ச ஆக்களில ஒருத்தரும் "முன்னேற்றம் எண்டதுக்கு ஆதாரம் எங்க?" எண்டு கேக்கேல்ல.

கிலோக் கணக்கு

2023 டிசம்பர் 17 இல யுக்திய தொடங்கின நாளில இருந்து நாங்க எல்லாரும் அந்தக் கணக்கக் கேட்டுக் கேட்டுப் பழகிட்டம். காலம செய்தி போட்டா கைது எண்ணிக்கை, பின்னேரம் போட்டா கிலோ. 2024 ஜனவரியில ஐநா மனித உரிமை நிபுணர்கள் இத நிப்பாட்டி மீளாய்வு செய்யுங்க எண்டு கேட்டாங்க, அரசாங்கம் காதில போட்டுக்கொள்ளேல்ல. சனமும் பெரிசா எதிர்க்கேல்ல, அத நான் விளங்கிக்கொள்ளுறன், பிள்ளையின்ட காதுத்தோடு வித்துப் போன வீடுகள் எங்கட ஒழுங்கையிலயே இருக்கு, "எங்கயாவது கொண்டு போய்ப் போடுங்க" எண்டு அழுத தாயையும் நான் கண்டிருக்கிறன். அந்தக் கோபம் பொய் இல்ல.

ஆனா கிலோ எதை அளக்குது எண்டு ஒரு நிமிஷம் யோசிங்க. பிடிபட்ட தூள் கூடினா அது பொலிஸ் கூட வேலை செஞ்சதாலயும் இருக்கலாம், நாட்டுக்குள்ள கூட வந்ததாலயும் இருக்கலாம், அந்த ஒரு நம்பர வெச்சு ரெண்டில எது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. கைது எண்ணிக்கையும் அப்பிடித்தான். தெருவில விலை ஏறினதா இறங்கினதா, எத்தின பேர் செத்தாங்க, எத்தின பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, கேம்பில இருந்து வெளிய வந்தவங்க ஒரு வருஷம் கழிச்சு எப்பிடி இருக்காங்க, இதுகள்தான் கேக்க வேண்டியது. இதுகள் ஒண்டும் அந்தத் திரையில வரேல்ல.

இது இண்டைக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. 2 கிராம் ஹெரோயின் வெச்சிருந்தா மரண தண்டனை அல்லது ஆயுள் எண்ட சட்டம் 1984 இல வந்தது. அண்டையில இருந்து பாத்தா ஒரு தலைமுறை முடிஞ்சு அடுத்தது வந்துட்டுது, குடு குறைஞ்சதா? 1976 க்குப் பிறகு இந்த நாட்டில ஒருத்தரையும் தூக்கில போடேல்ல, 2019 இல போடுறம் எண்டு வெளிக்கிட்டாங்க, உயர் நீதிமன்றம் இடைநிறுத்திச்சுது. அந்தச் சட்டம் வேலை செஞ்சதா எண்டு ஒரு கணக்கும் பாக்காமலே 2022 இல ஐஸையும் சேர்த்தாங்க, 5 கிராம் எண்டு. "உள்ளூர் ஆய்வு ஏதும் இருக்கா?" எண்டு அண்டைக்கு பாராளுமன்றத்தில யாராவது எழும்பிக் கேட்டிருந்தா நான் அந்தத் தலைமை தாங்கினவரோட கோவிச்சிருக்க மாட்டன்.

தேத்தண்ணி நேரத்தில

இந்தக் கட்டுரைய நான் எழுதுறதுக்குக் காரணம் கூட்டம் இல்ல, அதுக்குப் பிறகு வந்த தேத்தண்ணி இடைவேளை. பற்றீஸ் தட்டோட ஓரமா நிண்ட ஒரு வயசான டொக்டர், ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின்ட கடைசியிலயும் தொண்ணூறுகளின்ட தொடக்கத்திலயும் வடமத்திய மாகாணத்தில வேலை செஞ்சவராம். "அந்த அண்ணன் சொன்னத யோசிச்சுக்கொண்டு நிக்கிறீங்களோ பிள்ள?" எண்டு அவராத்தான் கதையத் தொடங்கினார். நான் ஓம் எண்டன். அவர் போதைப்பொருளப் பத்தி ஒண்டுமே கதைக்காம வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தப் பத்தியும் அதக் குடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களப் பத்தியும் கதைக்கத் தொடங்கினார்.

அந்தக் காலத்து வாட்டுகளில கால் வைக்க முதலே மருந்து மணம் அடிக்குமாம். முக்கால்வாசிப் பேர் இளம் ஆக்கள். சாகவேணும் எண்டு கன நாள் திட்டம் போட்டு வந்தவங்க குறைவு, ஒரு சண்டை, ஒரு அவமானம், கைக்கெட்டுற தூரத்தில ஒரு போத்தல். கண் முழிச்ச உடன "என்னைக் காப்பாத்துங்க சேர்" எண்டுதான் கேப்பாங்களாம், ஆனா அப்ப விக்கிற மருந்துகளின்ட விஷத்துக்கு முன்னால காப்பாத்த ஏலாது. 1995 இல இலங்கையின்ட தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47, உலகத்திலயே மிகக் கூடின நாடுகளில ஒண்டு நாங்க. அந்த வருஷம்தான் மிச்சமிருந்த அதிநச்சு வகை பூச்சி மருந்துகள நிப்பாட்டினாங்க. சனம் எண்டோசல்பான் எண்ட இன்னொரு பூச்சி மருந்துக்கு மாறிச்சுது, வலிப்பு வந்து செத்தாங்க, 1998 இல அதையும் நிப்பாட்டினாங்க. பிறகு 2008 க்கும் 2011 க்கும் இடையில இன்னும் மூண்டு. அதுக்கு முன்னமே, 2005 ஆகேக்க, வீதம் பாதியாக் குறைஞ்சிட்டுது. 1995 இல இருந்து 2015 வரைக்கும் கிட்டத்தட்ட 93,000 உசிர் தப்பினது எண்டு பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டாங்க, இண்டைக்கு உலக சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்கு எங்களத்தான் உதாரணம் காட்டுது. விளைச்சலும் அதால விழேல்ல.

"இதில என்ன விஷயம் தெரியுமோ" எண்டார். "மருந்து குடிச்சு வாறவங்க அப்ப குறையேல்ல. வாட்டில அதே கூட்டம்தான். செத்துப் போறவங்கதான் குறைஞ்சவங்க." குடிக்கிறத நிப்பாட்டினாத்தான் வெற்றி எண்டு அளந்திருந்தா அந்தத் தடை தோல்வி எண்டு எழுதி மூடியிருப்பாங்க. ஒருத்தரும் அப்பிடி அளக்கேல்ல. "விஷம் குறைஞ்ச மருந்த விக்க விடுறது தற்கொலைய ஊக்குவிக்கிற மாதிரி ஆகாதா" எண்டு ஒரு மந்திரி கேக்கேல்ல, ஒரு மதத் தலைவர் கேக்கேல்ல. 1998 இலயே தற்கொலை முயற்சி குற்றம் எண்ட சட்டத்தையும் எடுத்துட்டாங்க, கட்டிலில கிடக்கிறவரக் கைது செய்யத் தேவையில்லாமப் போச்சுது.

அதுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குள்ள இருந்த முடிச்ச அவிழ்த்தது. 1995 இல அந்தத் தடையப் போடேக்க அது உசிரக் காக்கும் எண்டு காட்டுற பெரிய ஆய்வு ஒண்டும் கையில இருக்கேல்ல. வாட்டு நிறைஞ்சிருந்தது, எந்த மருந்து குடிச்சவங்க தப்பேல்ல எண்டு டொக்டர்மாருக்குத் தெரியும், பீடைகொல்லிப் பதிவாளருக்குச் சட்ட அதிகாரம் இருந்தது, செஞ்சாங்க. ஆதாரம் பிறகு வந்தது, செஞ்சத அளந்து பாத்து வந்தது. நேர்மாறா இன்னொண்டும் நடந்தது. பூச்சி மருந்த வீட்டில பூட்டி வைக்கப் பெட்டி குடுத்தாச் சாவு குறையும் எண்டு ஒரு யோசனை, மருந்துக் கம்பனிகளுக்கும் விருப்பமானது, ஏனெண்டா விக்கிறது நிக்காது. அதையும் எங்கட நாட்டிலதான் சோதிச்சாங்க, 180 கிராமம், 2 இலட்சத்துக்கும் மேல ஆக்கள், எழுந்தமானமாப் பிரிச்சு வருஷக்கணக்காப் பாத்த ஆய்வு. 2017 இல முடிவு வந்தது, பெட்டியால பலன் இல்ல. கேக்க நல்லா இருந்த யோசனை சோதனையில விழுந்துட்டுது, முன்கூட்டி ஆய்வு கேக்காமச் செஞ்சது பல்லாயிரம் பேரக் காப்பாத்திச்சுது. சோதனை தேவையில்ல எண்டு நான் சொல்ல வரேல்ல, அந்தப் பெட்டிய அப்பிடிச் சோதிச்சிருக்காட்டி இண்டைக்கும் ஊர் ஊராப் பெட்டி குடுத்துக்கொண்டிருப்பம்.

அப்ப ஏன் அந்த அண்ணனிட்ட மட்டும் ஆய்வு கேட்டாங்க? டொக்டர் கப்ப வெச்சுட்டுச் சொன்னார், "விவசாயி எண்டா எங்கட ஆள். குடுக்காரன் எண்டா எங்கட ஆள் இல்ல. அவ்வளவுதான் பிள்ள."

உள்ளூர் ஆய்வு எண்ட கதவு

உள்ளூர் ஆய்வு கேக்குறது எப்பவும் சாட்டு எண்டு நான் நினைக்கேல்ல. இலங்கையில ஹெரோயின் பாவிக்கிறவங்களில பெரும்பாலானவங்க புகையாத்தான் இழுக்கிறாங்க, ஊசி போடுறவங்க குறைவு. எச்ஐவியும் இங்க மிகக் குறைவு. அதனால வேற நாட்டில புது ஊசி குடுத்து எச்ஐவிய மறிச்ச கதைய அப்பிடியே தூக்கிக் கொண்டு வந்து கொழும்பில வைக்க ஏலாது, எங்களுக்கு எது பொருந்தும் எண்டு பாக்கத்தான் வேணும். ஆனா ஹெரோயினுக்குப் பதிலா டொக்டர் பாத்துக் குடுக்கிற மெதடோன் மருந்து மாதிரிச் சிகிச்சை ஊசி போடுறவருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லையே. 2005 இல இருந்து அது உலக சுகாதார நிறுவனத்தின்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. எங்கட நாட்டில அது பெரிய அளவில வரவே இல்ல, கதை எடுத்தாலே "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" எண்டு ஒரு வசனத்தோட முடிச்சிடுவாங்க.

இதில ஒரு பொறி இருக்கு. உள்ளூர் ஆய்வு செய்ய ஆக்கள் வேணும். ஆக்கள் வரவேணுமெண்டா பயம் இருக்கக் கூடாது. பெயர் சொன்னா ஜீப் வரும் எண்டு நினைக்கிற பொடியன் எந்த ஆய்வாளருக்கு முன்னால இருந்து உண்மை சொல்லப் போறான்? ரவுண்டப் நடக்குது, ஆக்கள் சிதறுறாங்க, கிளினிக்குக்கு வாறவங்க குறையிறாங்க, அந்தக் குறைவ எடுத்து "பாவனை குறைஞ்சிருக்கு" எண்டு வாசிக்கவும் ஏலும், "ஆய்வு இல்ல" எண்டு சொல்லவும் ஏலும். ஆதாரம் உருவாகிற இடத்த முதல்ல உடைச்சுப் போட்டு, பிறகு வந்து ஆதாரம் கேக்குறது. அந்த அண்ணன் சொன்னதும் அதுதான், "முந்தி எங்க இருக்காங்க எண்டு எனக்குத் தெரியும், இப்ப தெரியாது." அதவிட முக்கியமான தரவு அண்டைக்கு அந்த மண்டபத்தில சொல்லப்படேல்ல.

ஆணுறையிலயும் இதே கதை. எய்ட்ஸ் தடுப்புக்கு ஆணுறை குடுக்கிறதும் அரசாங்கம்தான், 1841 இல வெள்ளைக்காரன் போட்ட ஊர்சுற்றுவோர் சட்டத்தில பிடிச்ச பொம்பிளையின்ட பையில ஆணுறை இருந்தா அதப் பாலியல் தொழில் செஞ்சதுக்குச் சாட்சியாக் காட்டிவந்ததும் அதே அரசாங்கத்தின்ட இன்னொரு கை. பயத்தில அவ பையில வைக்காமப் போனா.

ஆய்வு கையில இருந்தாலும் எல்லாம் சரியாகிடும் எண்டும் இல்ல. 1998 ஏப்ரல்ல அமெரிக்காவின்ட சுகாதாரச் செயலாளர் டொனா ஷலாலா பகிரங்கமா அறிவிச்சா, ஊசி மாத்திக் குடுக்கிறது எச்ஐவியக் குறைக்குது, போதைப் பாவனையக் கூட்டுறதில்ல, அறிவியல் முடிவு தெளிவு எண்டு. அதே அறிவிப்பிலதான் அதுக்கு மத்திய அரசாங்கக் காசு குடுக்க மாட்டம் எண்டதும் வந்தது. தடைய எடுக்க 2009 வரைக்கும் போச்சுது, கொஞ்சக் காலத்தில திருப்பியும் போட்டாங்க. காசும் அறிவும் உள்ள நாட்டிலயே நிலைமை அது.

மண்ணுக்குள்ள வைக்க ஆதாரம்

இந்தக் கதைய எங்கட ஆக்கள் சில பேர் "குடுக்காரர் பிரச்சனை தானே" எண்டு தள்ளி வைக்கிறாங்க. அவங்களுக்கு 2020 ஐ ஞாபகப்படுத்துறன். கொவிட்ல செத்தவங்களப் புதைக்கலாம், எரிக்கலாம், ரெண்டும் பாதுகாப்பு எண்டு உலக சுகாதார நிறுவனம் அந்த வருஷம் மார்ச்சிலயே வழிகாட்டி போட்டுது. ஏப்ரல்ல எங்கட அரசாங்கம் எரிக்கத்தான் வேணும் எண்டு வர்த்தமானி அடிச்சுது, செத்தவங்களப் புதைக்கிறத மார்க்கக் கடமையா நினைக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்கும் அதேதான். நிலத்தடி நீருக்குள்ள கிருமி போகும் எண்டாங்க. போகும் எண்டதுக்கு ஆதாரம் அவங்களிட்ட இல்ல, ஆனா போகாது எண்டு நிரூபிக்கச் சொல்லி பிள்ளையப் பறிகுடுத்த குடும்பத்திட்டக் கேட்டாங்க. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களும் அந்த டிசம்பர்ல விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி. அதே மாசம் பிறந்து 20 நாளான ஒரு பச்சைக் குழந்தையப் பெத்தவங்களின்ட விருப்பத்துக்கு மாறா பொரளையில எரிச்சாங்க, சனம் பொரளைக் கனத்தை மயானத்து வேலியில வெள்ளைத் துணி கட்டினாங்க. நானும் போய் ஒரு துண்டு கட்டினன், பக்கத்தில நிண்ட மருதானை முஸ்லிம் அக்கா ஒருவா "எங்கட பிள்ளையப் புதைக்க நாங்க விஞ்ஞானி ஆகணுமா மகள்" எண்டு கேட்டா.

அந்த டிசம்பரிலதான் கேகாலையில ஒருத்தர் கொவிட்டுக்கு மருந்து எண்டு காய்ச்சின பாணிய சுகாதார அமைச்சரும் சபாநாயகரும் வாங்கிக் குடிச்சாங்க, ஆயிரக்கணக்கில சனம் கியூவில நிண்டது. அந்தப் பாணியிட்ட ஆதாரம் கேக்குறதுக்கு எவ்வளவு மெதுவா இருந்தாங்க, ஒரு ஜனாசாவிட்ட, செத்த உடலிட்ட, கேக்குறதுக்கு எவ்வளவு வேகமா இருந்தாங்க. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர்கள் கல்லூரியும் புதைக்கலாம் எண்டு சொல்லியும் 2021 பெப்ரவரி கடைசியிலதான் அனுமதி வந்தது, அதுவும் ஊர்ப் பள்ளியில இல்ல, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டு போகவேண்டியிருந்தது. 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேக்க முடிவெடுத்தது. ஆதாரத்த மாத்தின புதுக் கண்டுபிடிப்பு ஒண்டும் இடையில வரேல்ல, முதல் நாளில தெரிஞ்சதுதான் கடைசி நாளிலயும் தெரிஞ்சது.

அதனாலதான் நான் இத நிபுணர்களின்ட சண்டை எண்டு விட்டுட்டுப் போக மாட்டன் எண்டுறன். நிரூபிக்கிற பாரத்த யாரின்ட தலையில ஏத்துறது எண்ட முடிவு ஆய்வுக்கு முதலே எடுக்கப்படுது, ஆய்வுக்கூடத்துக்கு வெளியில எடுக்கப்படுது, அதில எங்களுக்கும் வாய் இருக்கு.

நான் கேட்டிருக்கிறது

எழுத முதல் முகத்துவாரத்து அண்ணனுக்கு ஃபோன் எடுத்து உங்களப் பத்தி எழுதலாமா எண்டு கேட்டன். பெயர் போடாதீங்க எண்டார், அதோட இன்னொண்டும் சொன்னார், "தங்கச்சி, நான் முழுசா விட்டுட்டன் எண்டு மட்டும் எழுதிடாதீங்க. ரெண்டு தரம் திருப்பி விழுந்து எழும்பினன். விழேக்க கதவச் சாத்தாத ஒரு டொக்டர் இருந்தார், அதால உசிரோட இருக்கன்." விட்டவர், விடாதவர் எண்டு ரெண்டே ரெண்டு கட்டம் உள்ள படிவத்தில இவர எங்க போடுவாங்க? கேம்புக் கணக்கில இவர் தோல்வி. எங்கட ஒழுங்கையில இவர நம்பி நாலு குடும்பம் இருக்கு.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் எங்களிட்ட இருக்கு. அதின் கீழ சம்பந்தப்பட்ட நிறுவனங்களுக்கு எங்கட குழுவின்ட பெயரில விண்ணப்பம் போட்டிருக்கிறம். யுக்திய தொடங்கினதுக்குப் பிறகு புனர்வாழ்வுக்கு அனுப்பினவங்களில எத்தின பேர் தாங்களா விரும்பிப் போனவங்க, உள்ள இருக்கேக்க எத்தின பேருக்குக் காசநோய் சோதிச்சது, எத்தின பேர் செத்தாங்க, வெளிய வந்தவங்கள ஆறு மாசத்திலயும் ஒரு வருஷத்திலயும் யாராவது போய்ப் பாத்தாங்களா, பாத்திருந்தா என்ன கண்டாங்க. அண்டைக்கு அந்த அண்ணனிட்டக் கேட்ட அதே கேள்விதான், முகவரி மட்டும் மாறியிருக்கு. 14 வேலை நாளுக்குள்ள தீர்மானம் சொல்லவேணும், தேவைப்பட்டா இன்னும் நாள் எடுக்கலாம். வாற பதில இங்க முழுசாப் போடுவன், பதில் வராட்டி வரேல்ல எண்டதையும் போட்டு மேன்முறையீட்டுக்குப் போவம். உங்கட ஊர்லயும் யாராவது இதே கேள்வியப் போட விரும்பினா சொல்லுங்க, நாங்க எழுதின விண்ணப்பத்தின்ட தமிழ்ப் பிரதி இருக்கு, அனுப்பி விடுறன்.